அமைதியானவள்

"அமைதியான பொண்ணு. ஒரு தொந்தரவும் கிடையாது" என்றார் என் சின்ன மகளின் வகுப்பு ஆசிரியை.

எனக்குச் சுருக்கென்றது.

நானும் இதே பிழைப்புதான். இருபத்தொரு வருஷமாக, வேறொரு பள்ளியில்.

அதனால் ரிப்போர்ட் கார்டு பாஷை எனக்கு அத்துப்படி. 'துடிப்பானவன்' என்றால் ஓர் இடத்தில் உட்காரமாட்டான். 'தலைமைப் பண்பு உண்டு' என்றால் மற்ற பிள்ளைகளைப் போட்டு வேலை வாங்குவாள். 'எல்லோரிடமும் நட்பாகப் பழகுவான்' என்றால் பாடம் நடத்த விடமாட்டான்.

'அமைதியானவள்' என்றால், யார் இது?

நாற்பது சொச்சம் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் முகமே ஞாபகத்துக்கு வராது. யோசித்துப் பார்ப்போம், வராது. மணி அடித்துவிடும். அந்த வார்த்தையை எழுதிவிட்டு அடுத்த கார்டை எடுப்போம். நானே எழுதியிருக்கிறேன், ஆரம்ப வருஷங்களில், கை கூசாமல்.

பிறகு நிறுத்திவிட்டேன். இப்போது புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். முதல் நாளே சொல்லிவிடுவேன், அந்த வார்த்தை என் கண்ணில் படக்கூடாது என்று. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நீங்கள் மட்டும் பார்த்த ஒரு விஷயத்தை எழுதுங்கள். நாம் நடத்திய பாடம் அதற்கு மறந்து தொலையும். தன்னை ஒருத்தர் கவனித்தார் என்பது மறக்காது. இதைச் சொன்னதும் எல்லோரும் குனிந்து குறித்துக்கொள்வார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

இங்கே என் பிள்ளைக்கே அந்த வார்த்தை.

எங்கள் பள்ளியிலும் பெற்றோர் கூட்டம் இதே நாளில்தான் வரும். அதனால் எப்போதும் அவள் அப்பாதான் இங்கே வருவார். 'நல்லாப் படிக்கிறாளாம்' என்று வந்து சொல்வார், அதோடு சரி. இந்த முறை எங்கள் கூட்டம் தள்ளிப்போனதால் நான் வந்தேன். உட்காரக் கொடுத்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலி. முட்டி மோவாயை இடித்தது. எதிரே இருந்தவருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

வீட்டில் சின்னவள் வாய் மூடமாட்டாள். செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால் தூக்கம் வந்தால்தான் நிற்கும். அவளைப் போய் அமைதி என்றால், இந்தப் பெண் அவளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. வருஷம் பூராவும் என் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் இந்த அறையில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"எந்த வரிசைல உக்காருறா?" சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

அவர் கார்டைப் பார்க்கவில்லை. "மூணாவது வரிசை, ஜன்னலோரம். முதல்ல முன்னாடிதான் இருந்தா. பேர் சொல்லிக் கூப்பிட்டாலே கண்ணு கலங்கிடும். அதான் மாத்தினேன்."

மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். பள்ளி திறந்ததிலிருந்து வகுப்பில் சின்னவள் வாய்விட்டுச் சொன்னது எல்லாம் தேதியோடு அதில் இருந்தது. மொத்தம் பதினோரு வரி. 'தண்ணி குடிக்கலாமா?' 'அது என்னோடது இல்ல.' மழை பெய்த ஒரு நாளில், யாரும் கேட்காமலே, 'சத்தம் நல்லாருக்கு.'

நான் பயிற்சியில் என்ன செய்யச் சொல்கிறேனோ, அதைவிடப் பத்து மடங்கு செய்திருந்தார். நான் செய்ததைவிடவும்தான்.

"நெஜமாவே பேசறதில்லைங்க. அதான் அப்படி எழுதினேன்."

"வீட்ல வாயே ஓயாதே" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டினார். "அப்படியா? எதைப் பத்திப் பேசுவா? சொல்லுங்க, அதை வச்சே அவகிட்ட பேச்சுக் குடுத்துப் பாக்கறேன்."

நான் வாயைத் திறந்தேன்.

நேற்றுக்கூட இரண்டு மணி நேரம் பேசினாள். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே. நான் கட்டுரை நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். நடுநடுவே 'ம்', 'அப்புறம்?' என்று இடம் பார்த்துப் போட்டேன். அதில் எனக்கு நல்ல பழக்கம். நாற்பத்திரண்டு நோட்டில் யார் பள்ளியைப் பல்லி ஆக்கினார்கள், யார் முடிவுரை எழுதாமல் ஏமாற்றினார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

அவள் பேசியதில் ஒரு சொல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

ஏதோ பூனை என்று சொன்னாளே என்று பிடித்துக்கொண்டேன். இல்லை, அது ஒரு பையன் கட்டுரையில் வந்த பூனை.

முந்தின நாள் பேசியதைத் தேடினேன். போன வாரத்தைத் தேடினேன். அவள் குரல் வந்தது, 'அம்மா, கேளேன்' என்பது வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பயமாகவும் இருந்தது.

அவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

நான் எழுந்து நின்றேன்.

"நாளைக்குச் சொல்றேன், டீச்சர்" என்றேன்.