மூடி

டப்பாவைக் காட்டுங்கள் என்றேன். நதியா ஒரு வரிசையையே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

ஒன்றில் உப்பு. ஒன்றில் மிளகாய். ஒன்றில் ஆடிக்கு விதைக்க எடுத்துவைத்த சாமை.

எல்லாமே குழந்தைக்கு வாங்கிய மாவு டப்பாக்கள். புளி விற்க மலையிலிருந்து கீழே இறங்கும்போதெல்லாம் அவள் புருஷன் பூபாலன் ஆசையாக வாங்கிவந்தவை.

சாம்பலும் புளியும் போட்டு அவள் தேய்த்த தேய்ப்பில் சுற்றியிருந்த தாள் போய், அடியில் அச்சடித்திருந்த எண்ணும் போய், எல்லாம் பளபளவென்று இருந்தன. ஜவ்வாது மலையில் மூடியுள்ள எதையும் யாரும் தூக்கிப் போடுவதில்லை. நல்ல வழக்கம்தான். ஆனால் எனக்கு வேண்டியது அழுக்கு டப்பா.

நான் கலசப்பாக்கத்தில் வக்கீல். எங்கள் ஊரில் ஒரு குழந்தைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. அது தின்ற மாவைச் சோதனைக்கு அனுப்பினேன். ஈயம் இருந்தது.

ஒரு டப்பாவை வைத்து வழக்கு நிற்காது. கடைக்காரன் கலந்தான் என்று கம்பெனி கையைக் கழுவிக்கொள்ளும். வேறு ஊரில் வாங்கிய அதே கம்பெனியின் இன்னொரு டப்பா, உள்ளே மாவோடு கிடைத்தால் நுகர்வோர் நீதிமன்றத்தில் பேசலாம். கடைகளில் இருக்கும் சரக்கு முழுவதையும் நிறுத்தச் சொல்லலாம்.

அதற்காகத்தான் பஸ் பிடித்து மலையேறி வந்திருந்தேன்.

நதியாவின் குழந்தை போய் ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. ரத்தத்தில் ஈயம் என்று வேலூரில் டாக்டர் சொன்னார். எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகென்ன, ஊருக்கு வாய் முளைத்தது. கிணறு என்றார்கள். பித்தளைப் பானை என்றார்கள். கடைசியில் பெற்றவளுக்கே கைராசி இல்லை என்றார்கள்.

அதனால் நான் கொண்டுவந்த சேதி அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன். உன் மேல் தப்பே இல்லை நதியா, விஷம் அந்த மாவில்தான் இருந்திருக்கிறது என்றேன்.

அவள் அழவில்லை. உப்பு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாவு மிச்சமிருக்கிற டப்பா ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணு இருக்குதுங்க" என்றான் பூபாலன். "பாப்பாகிட்ட இருக்குது."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பால்குடி மறக்காத பிள்ளையை அவர்கள் எரிப்பதில்லை. கொல்லைக் கோடியில் புதைக்கிறார்கள். பிள்ளை ஆசைப்பட்டுத் தின்றதைத் தலைமாட்டில் வைத்து மண் தள்ளுகிறார்கள். டப்பா சத்தம் கேட்டாலே எங்கிருந்தாலும் தவழ்ந்து வந்துவிடுமாம் அது. கடைசியாக வாங்கியதில் பாதி மாவு அப்படியே இருந்ததாம். கரண்டியையும் சேர்த்தே வைத்தார்களாம்.

மூடிய குழியைத் திறக்கக் கூடாது என்பதும் அவர்கள் வழக்கம். நான் வாயெடுக்கும் முன்பே நதியா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நான் விடவில்லை. வாய்தானே எனக்குப் பிழைப்பு. தாசில்தாரிடம் உத்தரவு வாங்கலாம் என்றேன். அதிகாரிகளை வைத்து எடுக்கலாம், பிள்ளையைத் தொடவே மாட்டோம் என்றேன். எதற்கும் அசையவில்லை. கீழே கடையில் அதே டப்பா இன்னும் அடுக்கியிருக்கிறது, இன்றைக்கும் எவளோ ஒருத்தி அதை வாங்கிக் கரைத்து ஊட்டிக்கொண்டிருப்பாள் என்றேன்.

அதற்குத்தான் அசைந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, சரி என்பதுபோல் தலையைச் சாய்த்தாள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஃபைலைப் பிரித்து எழுத ஆரம்பித்தேன். டப்பாவை வைக்கும்போது மூடி இறுக்கமாக இருந்ததா என்று கேட்டேன். சோதனைக்கூடத்தில் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

"இல்ல மேடம், லேசாத்தான் வெச்சேன். இறுக்கி மூடிட்டா பாப்பா கையால தொறக்க வராதே."

என் பேனா அப்படியே நின்றுவிட்டது.

ஒரு மழைக்காலம் முழுக்க மண்ணும் தண்ணீரும் இறங்கிய மாவு. அந்த ஈயம் மண்ணிலிருந்து வந்தது என்று எதிர்க்கட்சி வக்கீல் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

ஃபைலை மூடினேன். தோண்ட வேண்டாம், அது இனிமேல் சாட்சிக்கு உதவாது என்று மெதுவாகச் சொன்னேன். வேறு ஊரில் விசாரிக்கிறேன், பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும் என்றேன்.

பூபாலன் பெருமூச்சு விட்டான். அவனுக்கு அது நிம்மதி என்றே தோன்றியது. என்னை பஸ் ஏற்றிவிட வண்டிச் சாவியை எடுத்தான்.

நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து நதியா வந்தாள். கையில் கடப்பாரை.

எங்களைத் தாண்டிக் கொல்லைக் கோடியைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். வேண்டாம் என்றுதானே சொன்னேன் நதியா, கோர்ட்டில் அதை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்றேன்.

அவள் நின்று திரும்பினாள்.

"கோர்ட்டு கெடக்குது மேடம். வெசம்னு இப்பதான சொன்னீங்க? எம் புள்ள இன்னும் அதத்தான துன்னுனு இருக்குது."