மாப்பிள்ளையின் மதியத் தூக்கம்

“உஷ்… கேட்டை மெதுவாச் சாத்துங்க டீச்சர். மாப்பிள்ளை தூங்கறாரு.”

ஜன்னல் வழியே மெட்டில்டாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. சூப் பாத்திரத்துடன் வந்த பக்கத்து வீட்டு ஞானசுந்தரி டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். மதியம் இரண்டு மணி. குன்னூரே வேலையில் இருக்கும் நேரம்!

செருப்பைக் கழற்றி, நுனிக்காலால் நடந்து உள்ளே போனார். மெட்டில்டா கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அடுத்த அறையிலிருந்து, பாரம் ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவில் திணறுவது போல ஒரு குறட்டை.

“நல்லாயிருக்குதுங்க நியாயம்! வயித்துல ஆபரேஷன் பண்ணி, தையல் பிரிஞ்சு, மறுபடியும் தெச்சுட்டு வந்திருக்கறது நீங்க. தூங்கறது மாப்பிள்ளைங்களா?”

“மெதுவாப் பேசுங்க. பைலட் இல்லீங்களா? இப்ப ஸ்டாண்ட்பைல இருக்காரு. எந்த ராத்திரி கூப்பிட்டாலும் போய் விமானம் ஓட்டோணும். அதுக்குப் பகல்லயே தூங்கி வெச்சுக்கோணுமாம்.”

“தூங்கி வெச்சுக்கறதா? அதென்ன ஊறுகாயா?”

“சிரிக்காதீங்க. அறை இருட்டா இருக்கோணும்னு ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி கட்டியிருக்காரு. மத்தியானத்துக்கு மேல டீ கூடக் குடிக்கறதில்லை.”

சுற்றிலும் தேயிலைத் தோட்டம் இருக்க, டீ வேண்டாம் என்கிற ஒரு மனிதரா! டீச்சருக்கு அவர்மீது இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

“சரி, நீங்க ஏன் இப்படி மூச்சுக்கூட விடாமக் கெடக்கறீங்க? இது உங்க ஊடுதானுங்களே?”

“நான் எந்திரிச்சு நடமாடினா, அவரு கையில கட்டியிருக்கற வாட்ச் கண்டுபிடிச்சுடுமாம். தூக்கம் கெட்டுப்போச்சுன்னு கம்பெனிக்குத் தகவல் போயிடுமாம். அப்புறம் விமானத்தைத் தொட விடமாட்டாங்களாம். அதனால அவரு எந்திரிக்கற வரைக்கும் நானும் அசையறதில்லீங்க.”

குக்கர் விசில் அடிக்கக்கூடாது, பாட்டுப் பயிற்சிக்குச் சர்ச் பிள்ளைகள் வரக்கூடாது, சூப்பைக் கரண்டி படாமல் குடிக்க வேண்டும். டீச்சர் கொதித்துப்போய் வீடு திரும்பினார்.

மாலையில் மார்க்கெட்டில், காய்கறிப் பையுடன் மாப்பிள்ளை ஜாபேஸ் வசமாக எதிரில் வந்தார்.

“ஏனுங்க கேப்டன், தூக்கமெல்லாம் நல்லா ஊறிருச்சுங்களா?”

“ரொம்ப நல்லாங்க டீச்சர்.”

“எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ராத்திரி கூப்பிட்டாங்கன்னா எந்த ஊர்ல போய் விமானம் ஏறுவீங்க?”

“கோயம்புத்தூருங்க.”

“இங்கிருந்தா? பர்லியாறு வளைவெல்லாம் இறங்கி, கல்லாறுல யானை நின்னா அதுக்கும் வழி விட்டு, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள பயணிகளே விமானத்தை ஓட்டிட்டுப் போயிருவாங்களே!”

ஜாபேஸ் இருபுறமும் பார்த்தார். பிறகு கேரட் மூட்டைகளுக்குப் பின்னால் டீச்சரை அழைத்துப் போனார்.

“அத்தைகிட்டச் சொல்லிடாதீங்க டீச்சர். ஸ்டாண்ட்பை எல்லாம் ஒண்ணுமில்லை. நான் லீவுல வந்திருக்கேன்.”

“அப்படின்னா இந்தத் தூக்கம்?”

“அசையக்கூடாதுன்னு டாக்டர் அனுப்பி வெச்சா, மூணாம் நாளே வெந்நீர் அண்டாவைத் தூக்கித் தையலைப் பிரிச்சுட்டாங்க. இன்னொரு தடவை பிரிஞ்சா உயிருக்கே ஆபத்துன்னுட்டாரு. உங்களுக்காகப் படுங்க அத்தைன்னா கேக்கவே மாட்டாங்க. சென்னையில அவங்க மக கெஸியாவுக்கும் லீவு கிடைக்கலை. அதான் காலையிலயே நான் சமையலை முடிச்சுட்டு, எனக்காகப் படுக்க வெச்சுட்டேன்.”

“வாட்ச்?”

“அது மணி மட்டும்தான் காட்டும்.”

“அடப்பாவி! அந்தக் குறட்டை?”

“நடிப்புதாங்க!” ஜாபேஸ் பெருமையாகச் சிரித்தார். “வருஷக்கணக்கா ராத்திரி விமானம் ஓட்டறவனுக்குப் பகல்ல அவ்வளவு சுலபமாத் தூக்கம் வந்துடுமா? கண்ணை மூடிட்டுச் சும்மா கெடப்பேன்.”

மறுநாள் மதியம் டீச்சர் கேட்டைத் தூக்கிப் பிடித்துச் சாத்தினார். வாசலில் வந்த மீன்காரரைக் கையாலேயே விரட்டினார். மெட்டில்டாவின் அருகே உட்கார்ந்து, “பாவம், பைலட் உத்தியோகம்னா சும்மாவா? நீங்க அசையாமப் படுத்திருங்க” என்று உருகினார்.

மெட்டில்டா அவரையே உற்றுப் பார்த்தார்.

“நேத்துத் திட்டின வாய் இன்னிக்கு உருகுது. லீவுல இருக்கறதை உங்ககிட்ட உளறிட்டாருங்களா?”

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உங்களுக்கு… தெரியுமா?”

“குன்னூர்ல உக்காந்துட்டு ஸ்டாண்ட்பைன்னா யாருங்க நம்புவா?”

“தெரிஞ்சுமா இப்படிப் படுத்திருக்கறீங்க?”

அடுத்த அறையில் லாரி இன்னொரு வளைவு ஏறியது. மெட்டில்டா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“பகல்ல ஒரு பொட்டுத் தூங்கமாட்டேங்கறாருன்னு கெஸியா போன்ல அழாத நாளில்லை. நான் எந்திரிச்சா அவரும் எந்திரிச்சுடுவாரு. பாவம், நடிக்கறதா நெனச்சுட்டு நெசமாவே தூங்கறாருங்க டீச்சர். நடிக்கறது நானுங்க!”