சுவரில் சிரிப்பவள்

"மிஸ், கும்பிட்டுக் கேக்கிறன், ஏணியாலை இறங்குங்கோ!"

கிறிஸ்துநாயகம் விடிந்ததிலிருந்து கேட்டுக் களைத்துவிட்டார். அபீனா இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. அவருடைய ஏணியில், நடுப்படியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஃபாரஸ்ட் கேட் கடைத்தெருவில் மூடிக் கிடந்த ஒரு பப்பின் பக்கச் சுவர் அது. அதில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு பெண். கன்னங்கரேலென்ற முகம். அவிழ்த்துவிட்ட தலைமயிர். இடுப்பில் கை வைத்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். அந்தப் படத்தைக் கீறியவள் அபீனா. கட்டடத்தை வாங்கிய புது முதலாளிக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. இன்றைக்குள் சுவர் வெள்ளையாக வேண்டும். இல்லாவிட்டால் அவனுடைய மற்றக் கட்டடங்களின் பெயிண்ட் வேலையும் கிறிஸ்துநாயகத்தின் கையை விட்டுப் போய்விடும்.

அவருடைய ஆங்கிலம் பாதி வாயாலும் பாதி கையாலும் பேசுகிற ஆங்கிலம். கூட வேலை செய்யும் சிவானந்தனுக்கு அதுவும் வராது. அவர் பாட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இது என்ர சுவரில்லை, மிஸ். நான் கூலிக்காரன். எனக்கு உங்களோடை ஒரு கோபமும் இல்லை."

"பிறகு ஏன் அவளை அழிக்கிறீர்கள்?"

"சொன்ன வேலையைச் செய்யிறன்."

"எனக்கும்தான் சொன்னார்கள்," என்றாள் அபீனா. "படிக்கும் காலத்திலிருந்து ஒரே பேச்சு. கொஞ்சம் சின்னதாக வரை, கொஞ்சம் வெளிறலாக வரை. கறுப்புப் பெண் என்றால் படத்தில் அழ வேண்டும், இல்லையென்றால் ஆட வேண்டும். சும்மா நின்று சிரித்தால் யாருக்கும் பொறுக்காது. இது எனக்குக் கிடைத்த முதல் சுவர். இறங்க மாட்டேன்."

கிறிஸ்துநாயகம் நெற்றியைத் தேய்த்தார்.

"அண்ணை, என்னவாம்?" என்றார் சிவானந்தன்.

"கறுப்பெண்டால் அழவேணுமாம், இல்லாட்டி ஆடவேணுமாம். எனக்குத் தலை சுத்துது."

சிவானந்தன் சுவரை அண்ணாந்து பார்த்தார். "அதுக்காக இவ்வளவு பெரிசா ஒரு கறுப்பியைக் கீறோணுமே? சிரிப்பைப் பாருங்கோ! எங்கட வீட்டுப் பொம்பிளையள் இப்பிடிச் சிரிச்சுக் கண்டிருக்கிறியளே?"

"எங்கை காணுறது? நல்ல குடும்பத்துப் பொம்பிளையள் இப்பிடி வாயைப் பிளப்பினமே?"

"அவர் என்ன சொல்கிறார்?" அபீனா கேட்டாள்.

"ஒண்டுமில்லை. படம் பெரிசாம்."

"அதைவிடவா?"

அபீனா கை நீட்டிய பக்கம், தெருவுக்கு அந்தப் புறம், கலியாணச் சேலைக் கடையின் பலகை. அதில் இதைவிடப் பெரிதாக, பால் வெள்ளைத் தோலோடு ஒரு மணப்பெண், தலை குனிந்தபடி.

"அது எங்கட ஆக்களின்ர கடை, மிஸ். அது வேறை."

"என்ன வேறை?"

நல்ல வேளையாகக் கிறிஸ்துநாயகத்தின் போன் அடித்தது. முதலாளி.

"ஓம் சேர். இப்ப முடியும் சேர். இந்தா, முடிஞ்சமாதிரித்தான் சேர்."

போனைச் சட்டைப் பைக்குள் திணித்தார். இனிப் பொறுக்க ஏலாது. நீளக் கம்பை எடுத்து, அதன் நுனியில் ரோலரை மாட்டி, வாளிக்குள் தோய்த்தார்.

"நீங்கள் ஆறுதலா இருங்கோ மிஸ். நான் நிலத்திலை நிண்டே அடிப்பன்."

ரோலர் தள்ளாடித் தள்ளாடி அந்தப் பெண்ணின் உதட்டுக்குக் கீழே, நாடிக்கு நேரே உயர்ந்தது. வெள்ளைப் பெயிண்ட் அவருடைய தலையிலேயே சொட்டியது.

"நில்லுங்கள்!" அபீனா கத்தினாள். "அவர் உயிரோடு இருக்கிற பெண்! நிறத்துக்காகப் பேச்சு வாங்கின பெண்கள் வாருங்கள் என்று இந்த ஏரியா முழுக்க நோட்டீஸ் ஒட்டினேன். அவர் தானாகவே வந்தார். மூன்று மாதமாகப் படத்துக்காக எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அவரைக் கேட்காமல் அழிப்பீர்களா?"

"ஏன், அவவுக்குப் புருஷன் இல்லையோ? தன்ர மனிசியை இப்பிடித் தெருச் சுவரிலை கீறப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ?"

"நீங்களே கேளுங்கள்."

"கேக்கிறன்! அவ வந்து அழிக்க வேண்டாமெண்டு சொல்லட்டும், நான் ஏணியை மடிச்சு வானிலை ஏத்திக்கொண்டு போறன். முதலாளியாவது மண்ணாங்கட்டியாவது!"

அபீனா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்டி, பெயிண்டர் ஒருவர் வந்து உங்கள் முகத்தை அழிக்கப் போகிறார். உங்கள் புருஷனுக்கு இது சம்மதமா என்று கேட்கிறார்."

முதலில் ஒரு சிரிப்பு வந்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. பிறகு, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் பேச்சு வந்தது.

"புருஷனோ? அந்தாள் ஒவ்வொரு நாளும் அந்தச் சுவரடியாலைதான் வான் ஓடுறார், பிள்ளை. இன்னும் ஆரெண்டு பிடிபடேல்லை. பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கே அவற்ர தாய் 'பெட்டை கறுப்பு' எண்டு முகத்தைச் சுழிச்சவ. அண்டைக்கு மூடின வாய். இப்பத்தான் திறந்திருக்கிறன். என்னிலை கை வைக்க வேண்டாமெண்டு அந்தப் பெயிண்டருக்குச் சொல்லு. இந்தா, வாறன்."

ரோலர் கம்போடு தரையில் விழுந்தது. கிறிஸ்துநாயகத்தின் முகத்தைப் பார்த்த சிவானந்தன் சத்தமில்லாமல் வாளியை மூடினார்.

"அண்ணை," என்றார் மெல்ல, "ஏணியை மடிப்பமோ?"

கிறிஸ்துநாயகம் சுவரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அன்று விடிய வீட்டு வாசலில் அவர் கையில் சாப்பாட்டுப் பெட்டியைத் தந்து, "இஞ்சரப்பா, ஏணியிலை கவனம்" என்று சொல்லி அனுப்பியதும் இதே குரல்தான்.