காபி வேண்டாம்

"காபி வேணாங்க. தண்ணி கூட வேணாம். நாங்களே பாட்டில்ல எடுத்துகினு வந்துட்டோம்."

மாப்பிள்ளையின் அம்மா ரேணுகாதேவி இப்படிச் சொன்னதும், தட்டை நீட்டிய பெண்ணின் அம்மா முனியம்மாளின் கை அப்படியே நின்றது. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொட மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?

பெண்ணின் அப்பா அய்யாக்கண்ணுவுக்கு முகம் கறுத்தது. "பொண்ணு புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்கம்மா."

"ஐயோ, இன்னாண்ணா இப்படிப் பேசறீங்க? நாங்க இன்னும் பொண்ணையே பார்க்கல. உங்க ஊர்த் தண்ணிதான் பயமா இருக்குது. கேஸ் எடுக்கறேன்னு கம்பெனிக்காரன் மருந்து கலந்த தண்ணிய பூமிக்குள்ள அடிச்சி, பாறைய ஒடைக்கிறானாமே?"

அவள் கணவர் பன்னீர்செல்வம் ஆரணியில் பட்டுக்கடை வைத்திருப்பவர். அவரும் சேர்ந்துகொண்டார். "போன மாசம் இந்த ஊர்ல சாயம் போட்ட பட்டு நூல் பூரா திட்டுத்திட்டா வெளுத்துப் போச்சுங்க. நூலே தாங்கல. நம்ம குடல் எப்படித் தாங்கும்?"

அவ்வளவுதான். அய்யாக்கண்ணு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நூலுக்கு ஆவாத அந்தத் தண்ணியத்தாங்க நாங்க குடிச்சிகினு கீறோம்! குழாயத் தொறந்தா மண்ணெண்ண நாத்தம். என் பேரப்புள்ளைக்கு உடம்பு பூரா கொப்புளம். ரெண்டு பசுமாடு செத்துப்போச்சு. ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி மனு கொடுத்தோம், ஒருத்தனும் எட்டிப் பார்க்கல. உங்களுக்கு அரை மணி நேரத்துக்கே பயமா கீது. பொழுது விடிஞ்சா பொழுது போனா இதையே குடிக்கிற நாங்க மனுசங்க இல்லியா?"

"கத்தாதய்யா, வெளிய கேக்குது" என்று முனியம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"கேக்கட்டும்! ஊருக்கே கேக்கட்டும்!"

மாப்பிள்ளை ராஜ்குமார் தலையைத் தூக்கவே இல்லை. செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேணுகாதேவிக்கும் கோபம் வந்துவிட்டது. "எங்க மேல பாஞ்சா எப்படி? நாங்களா உங்க ஊர்ல குழி தோண்டினோம்? என் புள்ள கார்ல வரும்போதே படிச்சிப் படிச்சி சொன்னான், 'அந்த ஊர்ல ஒரு சொட்டு கூட வாயில வெச்சிடாதீங்க'ன்னு. அதனாலதான் வேணாம்னேன். இது ஒரு தப்பா?"

"அம்மா, பேஜார் வேணாம். ஜல்தி கிளம்பலாம்." ராஜ்குமார் எழுந்துவிட்டான்.

"கொஞ்சம் இருங்க."

உள்ளறையிலிருந்து காவ்யா வந்தாள். யாரும் அழைக்கவில்லை. பட்டுப்புடவை கட்டியிருந்தாள், முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை.

"நீ ஏம்மா வந்த? உள்ள போ" என்றார் அய்யாக்கண்ணு.

"இருப்பா. தரகர் குடுத்த பயோடேட்டாவுல இவர் பேரையும் வேலையையும் பார்த்துட்டுத்தான் நான் வரச் சொன்னேன்."

கையிலிருந்த காகிதத்தைப் பிரித்து ராஜ்குமாரின் முன்னால் நீட்டினாள்.

"நாலு மாசம் முன்னாடி வரைக்கும் எங்க ஊருக்குத் தண்ணி லாரி வந்துகினு இருந்துச்சு. 'போர் தண்ணி குடிக்க ஏற்றது'ன்னு இந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் அதை நிறுத்துனாங்க. பரிசோதிச்சவர்னு போட்டு, கீழ இருக்கிற கையெழுத்து உங்களுதுதானே?"

ராஜ்குமார் காகிதத்தை வாங்காமல் கார் சாவியை எடுத்தான்.

"கார்ல உங்க அம்மாகிட்ட சொன்னதை, எங்க ஊர் ரிப்போர்ட்டுல ஏன் சார் எழுதல?"