முழு நாள் பதிவு

“நாலு மணியோட முடிச்சுக்கலாம்னு பேசக் கூடாது. முழு நாள்னு பதிவு பண்ணியிருக்கேன். முழு நாளும் வேணும்.”

காரின் பின்கதவைத் திறந்துகொண்டே அந்த அம்மாள் சொன்னாள். ஐம்பதைத் தொட்ட வயது. காலில் அன்றுதான் வாங்கியது போன்ற புதுச் செருப்பு.

அவளைப் பார்த்ததும் வழிகாட்டிக்கு வழக்கமான வரவேற்புப் பேச்சே மறந்துபோயிற்று. வாயைத் திறந்தபடி நின்றார்.

“என்ன அப்படிப் பார்க்கிறீங்க? பதிவு பண்ணினது நான்தான். கைடு நீங்கதானே?”

“ஆமாம்... மேடம்.”

ஓட்டுநர் வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஆனாலும் ஆளை எடைபோடுவதில் தான் ஒரு புலி என்று அவனுக்கு நினைப்பு. கோட்டை வாசலில் அவள் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்த நேரம் பார்த்து வழிகாட்டியின் காதைக் கடித்தான்.

“அண்ணே, இது ஊர் சுத்த வந்த மூஞ்சி இல்ல. கேமரா கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது. கோட்டையைப் பார்க்காம உங்களையே பார்க்குது. கம்பெனி அனுப்பின வேவு ஆளுதான். நீங்க முழிச்ச முழியிலயே புரிஞ்சுபோச்சு. சூதானமாப் பேசுங்க, வேலைக்கு உலை வெச்சிடும்.”

“நீ வண்டியைப் பாரு.”

காலைப் பனி இன்னும் விலகவில்லை. மதில் மேல் அவர்கள் நடந்தபோது கீழே ஊரையே காணோம். எல்லாம் வெள்ளையாக மிதந்தது. அதில் நாலைந்து கூரைகள் மட்டும், கயிறு அவிழ்ந்த தோணிகளைப் போல.

“இந்தச் சன்னல்ல நின்னுதான், போருக்குப் போன ராஜா வர்றாரான்னு ராணி பார்த்துக்கிட்டே இருப்பாங்க மேடம்.”

“வந்தாரா?”

“வந்தார். குதிரையை மாத்திக்கிட்டு அடுத்த போருக்குக் கிளம்பிட்டார்.” கொஞ்சம் காத்திருந்தார். “இந்த இடத்துல எல்லாரும் சிரிப்பாங்க.”

“ராணியா நின்னு கேட்டா சிரிப்பு வராது,” என்றாள்.

வழிகாட்டியின் போன் அடித்தது. தள்ளிப் போய்ப் பேசிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“ஆபீஸ்ல கூப்பிடறாங்க மேடம். ரெண்டு பஸ் ஆளுங்க வந்து இறங்கியிருக்காங்களாம். மத்தியானத்துக்கு மேல உங்களுக்கு வேற நல்ல கைடா அனுப்பறேன். என்னைவிட நல்லாவே...”

“வேற ஆள் வேணும்னா வேற ஆளைப் பதிவு பண்ணியிருப்பேனே!” பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. “இந்த ஒரு நாளுக்கு எத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்! பாதியில விட்டுட்டுப் போனீங்கன்னா இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன். கேட்கவும் மாட்டேன்.”

வழிகாட்டி அரண்மனைப் பக்கம் கைகாட்டிவிட்டு முன்னால் நடந்தார். போன் சட்டைப் பையில் முனகிக்கொண்டே இருந்தது.

அரண்மனையில் கூட்டமே இல்லை. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வழியாக வெயில் சிவப்பும் நீலமுமாகத் தரையில் கொட்டிக் கிடந்தது. அதை மிதிக்க மனமில்லாதவள் போல ஓரமாகவே நடந்தாள். தூக்கத்தில் நடக்கிறவர்களின் நடை.

“உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு மேடம்.”

“வீட்டம்மாவுக்கு இதெல்லாம் காட்டியிருக்கீங்களா?”

வழிகாட்டி சுவரைப் பார்த்தார். “உள்ளூர்தானே, எப்ப வேணாலும் பார்த்துக்கலாம்னு...”

“அவங்க கேட்டதே இல்லையா?”

“கேட்டா. வருஷக்கணக்கா கேட்டா. அப்புறம் கேட்கிறதையே விட்டுட்டா.”

“பாவம்,” என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

தண்ணீர் பாட்டிலோடு வந்த ஓட்டுநர் காதில் இதெல்லாம் விழுந்தது. அவள் அடுத்த கூடத்துக்குப் போனதும் பிடித்துக்கொண்டான்.

“வீட்டுக் கதையெல்லாம் ஏண்ணே உளறுறீங்க? அப்படியே மேல போட்டுக் கொடுத்துடும்!”

“கொடுக்கட்டும்டா.”

கடைசியாகக் கோபுர மண்டபம். வட்டச் சுவரில் இந்தப் பக்கம் காதை வைத்தால், அந்தப் பக்கம் கிசுகிசுப்பது தெளிவாகக் கேட்கும்.

“இங்கேயே நில்லுங்க மேடம். நான் எதிர்ப்பக்கம் போய்ப் பேசறேன்.”

அவர் போய்ச் சேர்வதற்குள் போன் மறுபடி அடித்தது. மண்டபம் அந்தச் சத்தத்தை வாங்கி, கலைந்த பறவைக் கூட்டம் போலக் கூரை முழுக்கச் சுழற்றியது. சட்டென்று நின்றது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, குளிர்ந்த கல்லில் காதை வைத்துக் காத்திருந்தாள். கல் பேசியது.

“போனை அணைச்சுட்டேன். இருட்டுற வரைக்கும் நான் எங்கயும் போகல.”

வெகுநேரம் அவள் சுவரிலிருந்து காதை எடுக்கவில்லை.

சாயங்காலம் ஏரிப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். தண்ணீரில் அரண்மனை தலைகீழாகத் தொங்கி மெல்ல ஆடியது. எந்த ராஜா கட்டினது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரே பாட்டிலில் மாறி மாறித் தண்ணீர் குடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்த ஓட்டுநர், அண்ணன் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று முடிவுகட்டினான்.

விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகுதான் எழுந்து வந்தார்கள். காரில் ஏறியதும் அவன் கண்ணாடி வழியாக அவளை முறைத்தான்.

“எங்க மேடம் இறக்கணும்? ஹோட்டல்லயா, இல்ல நேரா எங்க ஆபீஸ்லயேவா?”

அவள் புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“உங்க அண்ணன் வீட்டுலயே இறக்கிடுப்பா. நான் உன் அண்ணிதான். பொண்டாட்டியாக் கேட்டப்பல்லாம் கிடைக்காத மனுஷன், வேற பேர்ல பதிவு பண்ணினதும் ஒரு நாள் முழுசாக் கிடைச்சிட்டார்.”