வீட்டுச் சாவி

உதிரிபாகக் கடை மேசைமேல், லாரி எஞ்சினில் மாட்டும் இரண்டு புகைக்குழாய் ஹெட்டர்கள் மாலை வெயிலில் மின்னுகின்றன. ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறார். மெல்லிய தகட்டுக் குழாய் சளசளக்கிறது. கனத்த எஃகுக் குழாயோ கணீரென்று ஒலித்து மெதுவாக அடங்குகிறது. "இதுதாண்ணே உழைக்கும். விரிசல் விடாது. வண்டி தெருவுக்குள்ள வர்றதே தெரியாது," என்கிறார் கடைக்காரர். லாரியிலிருந்து கழற்றிய பழைய குழாய் காலடியில் துருவேறிக் கிடக்கிறது, நகம் நுழையும் விரிசலோடு. சத்தம் தாங்காமல் தெருவே திட்டியும் ஒன்பது வருடமாக அதை மாற்றாமல் சாக்குச் சொல்லி வந்தவர் ஓட்டுநர். அந்த விரிசல் தெருமுனையில் படபடத்ததுமே மனைவி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கதவைத் திறந்து, "ஊரையே கூட்டியாச்சா?" என்று வாசலில் நிற்பாள். போன மழைக்காலத்தில் அவள் கண்மூடும்வரை அவருக்குச் சாவியே தேவைப்பட்டதில்லை. "என்னண்ணே யோசிக்கிறீங்க? சத்தம் சுத்தமா நின்னுடும்." "நிக்கட்டும்ப்பா. அதையே கட்டு," என்கிறார். கடைக்காரர் காகிதம் எடுக்கத் திரும்புகிறார். ஓட்டுநர் குனிந்து, வாசல் கதவைத் தட்டுவதுபோல, பழைய குழாயைச் சாவியால் இரண்டு முறை தட்டுகிறார்.