சட்டைப் பைக்குள் ஒரு வேன்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் தணித்துவிட்டே வாருங்கள். சின்னக் கதைதான், அது அடிபிடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

குழாய் ரிப்பேர்க்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கடைக்குள் நுழைந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பழைய நாணயங்கள் வாங்கி விற்கும் கடைக்காரர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“என்ன அண்ணே, நெஞ்சு வலியா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க,” என்றாள் பின்னாலேயே வந்த மனைவி. “சட்டைப் பையில அந்தக் காசு இருக்கு. பஸ் ஏறினதுலேர்ந்து கையை எடுக்கல. என் கையைக்கூட ஒருநாளும் இப்படிப் பிடிச்சதில்ல.”

அவருடைய அப்பா கப்பலில் வேலை பார்த்தபோது ஏதோ ஒரு தேசத்திலிருந்து கொண்டுவந்த காசு அது. நடுவில் ஓட்டை, சுற்றிலும் புரியாத எழுத்து, மேலெல்லாம் கறுப்பு. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, ‘செல்லாக்காசு’ என்று சிரித்தவள்தான் மனைவி.

போன மாதம் அதன் போட்டோவைப் பார்த்த கடைக்காரர் சிரிக்கவில்லை. “நிஜக் காசா இருந்தா, ஒரு பழைய வேன் வாங்குற அளவுக்குத் தர்றேன். தேய்ச்சுக் கழுவிடாதீங்க, கறுப்பு அப்படியே இருக்கட்டும்,” என்றார்.

சைக்கிளில் பைப்பைக் கட்டிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் மிதித்து முழங்கால் தேய்ந்தவர் நம்மவர். அன்று முதல் தூக்கத்தில்கூட ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“எங்க ஒளிச்சு வச்சிருந்தார்னு எங்கிட்டகூடச் சொல்லலைங்க,” என்றாள் மனைவி.

“உங்கிட்டச் சொன்னா திருடன்கிட்டச் சொன்ன மாதிரி. அவனாவது வெளிய சொல்லமாட்டான்.”

கடைக்குக் கிளம்பிய அன்று விடியுமுன் அவர் எழுந்தபோது வீடு என்றுமில்லாத நிசப்தத்தில் கிடந்தது. சின்னச் சத்தம் கேட்டாலும் இவள் எழுந்து வந்துவிடுவாளே என்று விளக்குகூடப் போடவில்லை. தடவிப் பார்த்து, பெரிய வட்டமாக எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

இப்போது அந்த முடிச்சைக் கடைக்காரர் அவிழ்த்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தினார்.

அவர் பார்த்து முடிக்கும்வரை மனைவிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஊர்ல எந்தக் குழாயும் இவர் கை பட்டா வாயை மூடிக்கும். எங்க சமையல்கட்டுக் குழாய் மட்டும் ஒரு வருஷமா ராப்பகலா அழுதுச்சு. சரிபண்ணுங்கன்னா, வேன் வரட்டும்கிறாரு. குழாயடிக்கு வேன்லயா வரணும்?”

“கொஞ்சம் சும்மா இரேன்,” என்றார் அவர். கண் கடைக்காரர் முகத்திலேயே இருந்தது.

கடைக்காரர் வட்டத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். “அண்ணே, இதுல எழுத்தே இல்லையே. இது காசு மாதிரித் தெரியலையே.”

குழாய்க்காரர் வாங்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துபோயிற்று, எத்தனை வருஷத் தொழில். “வாஷர்,” என்றார் ஈனசுரத்தில். “அரையங்குலக் குழாய்க்குப் போடுறது.”

வேன் அப்படியே பின்பக்கமாக உருண்டு போவதை அவர் கண்ணால் பார்த்தார்.

“காசை எங்கதான் வச்சீங்க?” என்றாள் மனைவி.

“பழைய வாஷர் டப்பாவுல. வாஷரோட வாஷரா கிடந்தா எந்தத் திருடனும் திரும்பிப் பார்க்கமாட்டான்னு நினைச்சேன்.”

கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்போ நீங்களே மறந்துபோய் யார் வீட்டுக் குழாயிலயோ மாட்டிட்டீங்க. வீடு வீடாப் போய்க் கழட்டிப் பார்க்கவேண்டியதுதான்.”

“சத்தியமா இல்லைங்க. வெளி வேலைக்கெல்லாம் புது வாஷர்தான் போடுவேன். அந்த டப்பா சமையல்கட்டை விட்டு வெளிய போனதே இல்ல. போட்டோ எடுத்ததுக்கப்புறம் இன்னிக்குத்தான் கையையே விட்டேன்.” வாஷரை மேஜைமேல் விட்டெறிந்தார். “யார் எடுத்தாலும் நல்லா இருக்கமாட்டாங்க.”

“ஐயோ, சபிக்காதீங்க,” என்று பதறினாள் மனைவி.

அப்புறம் அவள் பேச்சையே காணோம். பஸ்ஸிலிருந்து இதுவரை ஓயாத வாய் அது. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்:

“நம்ம குழாய் சொட்டுறது நின்னு நாலு நாளாச்சே, கவனிக்கவே இல்லையா நீங்க?”

உங்கள் வீட்டுக் குழாய்கள் ஒழுகாமல் இருக்கட்டும், கண்ணுகளா. ஒழுகினால் அதைச் சரிசெய்ய ஒரு கையும், சரியாகிவிட்டதைக் கவனிக்க ஒரு காதும் உங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும்.